பெயரை மறந்த ஆறு

நம் பங்கு ஆலயத்தின் இடப்பக்கப் பீடத்தில் வானதூதர் மிக்கேலின் சுரூபம் ஒன்று உண்டு. வலக்கையில் வாள், இடக்கையில் தராசு, காலடியில் பச்சை வண்ணம் பூசிய ஒரு டிராகன். ஆண்டுதோறும் செப்டம்பர் 29ஆம் நாள் அதன் முன் நின்று மறையுரை ஆற்றி வருகின்றோம். ஆயினும் மிதிபட்டுக் கிடக்கும் அந்த விலங்கை ஒருமுறையேனும் உற்று நோக்கியதில்லை என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் உணர்ந்தோம்.

மறைக்கல்விச் சிறாருக்கென்று பங்கு மன்றத்தில் ஜப்பானியத் திரைப்படம் ஒன்று காட்டப்பெற்றது. படம் முடிந்து விளக்குகள் எரிந்தபின், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நம்மிடம் வந்து, "சாமி, அந்த டிராகன் நல்லதா, கெட்டதா?" என்று வினவினாள். "நல்லதுதான் அம்மா" என்றோம். "அப்போ நம்ம கோயில்ல மிதிபடுறது?" என்றாள். அது வேறு, இது வேறு என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மெய்யியலும் இறையியலும் கற்றவர் சொல்லத்தக்க விடையன்று அது. அச்சிறுமிக்குக் கொடுக்கத் தவறிய விடையைத் தேடும் முயற்சியாகவே இத்திறனாய்வை வாசகர் கொள்ளவேண்டும்.

அத்திரைப்படம் ஹயாவோ மியசாகி எழுதி இயக்கிய 'ஸ்பிரிட்டட் அவே'. 2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜப்பானில் வெளியாகி, 2002இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதினையும், 2003இல் அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதினையும் பெற்றது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. நம் கருத்தைக் கவர்ந்தது அதில் வரும் ஹாக்கு என்னும் டிராகனின் படைப்பு மட்டுமே. ஒரு கலைஞன் பழைய தொன்மம் ஒன்றைக் கையில் எடுத்து, அதனைப் புதிதாக்குவது எங்ஙனம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அண்மைக்காலத்தில் நமக்குக் கிட்டியதில்லை.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது. டிராகன் என்பதற்குத் தமிழில் உறுதியான ஒரு சொல் இல்லை. சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு அதனை 'வலுசர்ப்பம்' என்றது. நாம் வழிபாட்டில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு, திருவெளிப்பாடு 12ஆம் அதிகாரத்தில் 'அரக்கப் பாம்பு' என்கிறது. இரண்டும் நல்ல சொற்களே. எனினும் இரண்டும் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடும் சொற்கள். வலு என்றவுடன் அச்சம், அரக்கன் என்றவுடன் வெறுப்பு. திருநூலோ இவ்வளவு அவசரப்படவில்லை. தொடக்க நூல் முதல் அதிகாரத்தில் கடவுள் படைத்த பெருங்கடல் விலங்குகளைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'தன்னின்'. பின்னாளில் இறைவாக்கினர் பகையின் உருவமாகக் காட்டும் விலங்குக்கும் அதுவே பெயர். கடவுள் அவற்றைப் படைத்து, நல்லதெனக் கண்டார். திருப்பாடல் 74 அவற்றின் தலைகள் நொறுக்கப்படுவதைப் பாடுகிறது. திருப்பாடல் 148 அவற்றையே ஆண்டவரைப் புகழ அழைக்கிறது. திருப்பாடல் 104இல் லிவியத்தான் கடலில் விளையாடவென்றே படைக்கப்பட்டதாகக் காண்கின்றோம். ஆகவே டிராகன் என்றால் சாத்தான், அவ்வளவே என்று முடித்துவிடுவோர் திருநூலின் கடைசி ஏட்டை மட்டும் வாசித்தவராவர். அந்தக் கூட்டத்தில் நாமும் நெடுநாள் இருந்தோம்.

இனிப் படத்துக்கு வருவோம். பத்து வயதுச் சிறுமி சிஹிரோ தன் பெற்றோருடன் புதிய ஊருக்குக் குடிபெயரும் வழியில், ஆவிகளும் தெய்வங்களும் நீராட வரும் குளியல் இல்லம் ஒன்றில் சிக்கிக்கொள்கிறாள். பெற்றோர் பன்றிகளாகிவிடுகின்றனர். குளியல் இல்லத்தின் தலைவி யுபாபா, வேலைக்கு வருவோரின் பெயரைப் பறித்துக்கொள்பவள். பெயரை மறந்தவர் அவளிடமிருந்து மீளமுடியாது. அங்கே சிஹிரோவுக்குத் துணை நிற்கும் சிறுவன் ஹாக்கு. அவனும் பெயரிழந்தவனே. அவன் மனித உருவில் வெண்ணிற ஆடையணிந்த சிறுவன்; மறு உருவில் வெண்மையான நீண்ட டிராகன். இறுதியில்தான் அவன் யாரென்பது தெரியவருகிறது. சிஹிரோ சிறு குழந்தையாக இருந்தபோது தவறி விழுந்த கோஹக்கு ஆற்றின் தெய்வம் அவன். அந்த ஆறு இப்போது இல்லை. அது தூர்க்கப்பட்டு, அதன்மேல் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன.

இந்த டிராகனை மியசாகி எதைக்கொண்டு படைத்தார் என்பது சுவையான செய்தி. இப்படம் உருவானதைப் பதிவு செய்த ஆவணப்படம் ஒன்றில் அவர் தம் ஓவியர்களுடன் உரையாடுவதைக் காணலாம். பழைய ஓவியச் சுருள்களில் உள்ள டிராகன்களைப் பார்த்து வரையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சுவரைப் பற்றும்போது பல்லியைப் போலப் பற்றவேண்டும் என்கிறார். விழும்போது பாம்பு விழுவதைப் போல விழவேண்டும். துடிப்பது, பிடிபட்ட விலாங்கு மீனைப் போல. வாயைப் பிளந்து மருந்து புகட்டும் காட்சிக்கோ நாயின் வாய். இவற்றை நேரில் கண்டவர் உண்டா என்று அவர் வினவ, இளம் ஓவியர்கள் விழிக்கின்றனர். நாய் வளர்த்தவர்கூட அங்கே இல்லை. முடிவில் அவர்கள் கால்நடை மருத்துவமனைக்குச் சென்று, ஒரு நாயின் தாடையையும் ஈறுகளையும் படம்பிடித்து வருகின்றனர். அந்த மூத்த கலைஞரின் சலிப்பை நாம் நன்கு புரிந்துகொள்கின்றோம். விதைப்பவன் உவமையை விளக்கும்போது, விதைப்பைக் கண்ணால் காணாத பிள்ளைகளின் முகங்களை நாமும் பார்த்திருக்கின்றோமே!

இந்த உழைப்பின் பயனைப் படத்தின் நடுப்பகுதியில் காண்கின்றோம். யுபாபாவின் ஏவலால் அவளுடைய தமக்கை ஜெனிபாவின் மந்திர முத்திரையைத் திருடிக்கொண்டு வருகிறான் ஹாக்கு. காகிதப் பறவைகள் கூட்டமாய் அவனைத் துரத்திக் கிழிக்கின்றன. குருதி சொட்ட அறைக்குள் விழுந்து புரள்கிறான். அந்நேரத்தில் அவனிடம் தெய்வத்தன்மை எதுவும் இல்லை; அடிபட்ட விலங்கின் வெறி மட்டுமே உண்டு. பல்லைக் காட்டுகிறான், சுவரில் மோதுகிறான், உதவ வருபவளையே கடிக்கப் பார்க்கிறான். சிஹிரோ அவன் தாடைகளைப் பிடித்துத் திறந்து, கைமுழுதும் உள்ளே விட்டு, கசப்பு மருந்துருண்டையைத் திணித்து, அவன் துப்பிவிடாதபடி வாயை இறுகக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். நோயுற்ற வீட்டு நாய்க்கு மருந்து கொடுத்த எவரும் இக்காட்சியை உடலால் அறிவர். நெருப்புக் கக்கும் டிராகனை அஞ்சலாம், வியக்கலாம். மருந்து விழுங்க மறுக்கும் டிராகனை நேசிக்காமல் இருக்க இயலாது. இயற்கையைக் கூர்ந்து நோக்கியதால் கற்பனை சுருங்கிவிடவில்லை, நம்பத்தக்கதாயிற்று. கற்பனை என்றால் இல்லாததைக் கட்டுவது என்று எண்ணும் நம் இளம் எழுத்தாளர்கள் இக்காட்சியை இருமுறை பார்ப்பது நலம்.

அடுத்தது நாட்டார் மரபு. கீழைத்தேயங்களில் டிராகன் பெரும்பாலும் நீரின் தலைவன். மழை, ஆறு, ஏரி, கடல் ஆகியவை அவனுடைய ஆட்சி. அவனுக்குச் சிறகில்லை, நீர் போல நெளிந்தே பறக்கிறான். ஹாக்குவின் உருவம் இம்மரபிலிருந்து வந்தது. ஆனால் கிழக்கு டிராகனை வணங்கியது, மேற்கு அதனைக் கொன்றது என்று எளிதாகக் கோடு கிழிப்பது பிழை. 712ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஜப்பானின் கொஜிக்கி என்னும் பழநூலிலேயே, சுசானோ என்னும் தெய்வம் எட்டுத் தலைப் பெரும்பாம்பு ஒன்றை மதுவால் மயக்கி வெட்டி வீழ்த்தும் கதை உண்டு. அப்பாம்பு ஆண்டுதோறும் ஒரு கன்னியைக் காவு கொண்டது. அதனை வெள்ளம் பெருக்கும் ஆற்றின் உருவகமாகக் கொள்வோரும் உளர். ஆக, ஆற்றை வணங்கிய அதே மக்கள் ஆற்றுக்கு அஞ்சவும் செய்தனர். ஆற்றங்கரையில் வாழும் எவருக்கும் இது வியப்பாக இராது.

மேற்கிலும் செய்தி அவ்வளவு நேர்கோடானதன்று. 13ஆம் நூற்றாண்டில் வொராஜினே யாக்கோபு தொகுத்த 'பொற்புராணம்' புனித ஜார்ஜியாரின் கதையைச் சொல்கிறது. அந்த டிராகன் வாழ்ந்தது ஊரை ஒட்டிய ஏரியில். ஜார்ஜியார் அதனைக் காயப்படுத்தியபின், இளவரசி தன் இடைக்கச்சையை அதன் கழுத்தில் கட்ட, அது வளர்த்த நாய்போல் அவள் பின்னே நடந்து ஊருக்குள் வருகிறது. அதன் பிறகே கொல்லப்படுகிறது. தென் பிரான்சின் ரோன் ஆற்றங்கரையில் புனித மார்த்தா அடக்கிய தராஸ்க் என்னும் விலங்கின் கதையும் அத்தகையதே. மார்த்தா அதனைக் கொல்லவில்லை. கச்சையால் கட்டி அழைத்து வருகிறார். ஈட்டிகளால் குத்திக் கொன்றவர் ஊரார். இவ்விரு கதைகளிலும் ஒரு பெண்ணின் கைக்கு அடங்கி நாய்போல் நடந்த விலங்கினை நாம் ஏன் சுரூபமாக வடிக்கவில்லை? குத்தும் ஈட்டியை மட்டும் ஏன் வடித்தோம்? இக்கேள்வி எழுந்தபின்னர்தான், சிஹிரோ டிராகனின் தாடையைக் கட்டிப்பிடிக்கும் காட்சி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பது விளங்கிற்று.

இதனினும் நம்மை உறுத்திய கதை பாரிஸ் நகரத்தது. 5ஆம் நூற்றாண்டில் அங்கு ஆயராயிருந்த புனித மார்செல், நகரின் புறத்தே மக்களை அச்சுறுத்திய டிராகன் ஒன்றின் தலையில் தம் செங்கோலால் தட்டி, தோள்துகிலை அதன் கழுத்தில் மாட்டி இழுத்துச் சென்று, பாலைக்கோ கடலுக்கோ போய்விடு எனக் கட்டளையிட்டதாக அவருடைய பழைய வரலாறு கூறுகிறது. பிரெஞ்சு வரலாற்றறிஞர் ஜாக் லெ கோஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இக்கதையை ஆய்கிறார். பியேவ்ர் என்னும் சிற்றாறு செய்ன் ஆற்றோடு கலக்கும் பகுதியின் சதுப்பு நிலத்தையும், அதனை மக்கள் குடியேறும் நிலமாக்கிய வரலாற்றையும் அந்த டிராகனின் பின்னே அவர் காண்கிறார். டிராகன் அந்த நிலத்தின் ஆவி. அதனை வெளியேற்றிய ஆயர் நகரம் எழ வழிசெய்தவர். இவ்விளக்கம் முழுமையானது என்று லெ கோஃபே சொல்லவில்லை. எனினும் ஒரு செய்தியை இதனுடன் சேர்த்து வாசித்தபோது சற்று நேரம் நூலை மூடி வைத்துவிட்டோம். அந்தப் பியேவ்ர் ஆறு, தோல் பதனிடுவோரும் சாயம் தோய்ப்போரும் கொட்டிய கழிவினால் நாறி, பாரிஸ் எல்லைக்குள் சிறிது சிறிதாக மூடப்பட்டு, 1912ஆம் ஆண்டளவில் முற்றிலும் நிலத்தடிக்குச் சென்றுவிட்டது. ஆயர் டிராகனைப் போகச் சொன்னார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப்பின் ஆறும் போயிற்று.

இங்கேதான் மியசாகியின் படைப்பு வழக்கமான டிராகன் கதைகளினின்று விலகி நிற்பதாக நாம் கருதுகின்றோம். டிராகனை நல்லதாக்குவது புதுமையன்று. கென்னத் கிரகாம் 1898இலேயே கவிதை எழுதும் சாதுவான டிராகனைப் படைத்துவிட்டார். அத்தகைய கதைகள் பல, பகைவனைச் செல்லப்பிராணியாக்கி மகிழ்வதோடு நின்றுவிடுகின்றன. மியசாகி செய்தது வேறு. சதுப்பை வற்றச்செய்து, ஆற்றைத் தூர்த்து, நகரை எழுப்பிய வெற்றிக்கதையை, வீழ்ந்தவனின் பக்கமிருந்து சொல்லிப் பார்த்தார். நிலத்தை இழந்த டிராகன் எங்கே போகும்? பாலைக்கா, கடலுக்கா? இந்தப் படத்தில் அது வேலை தேடிப் போகிறது. போக இடமின்றி யுபாபாவின் வாயிலில் வந்து நின்று, மந்திரம் கற்க விரும்பி, எடுபிடியாகிறது. ஊரிழந்தவர் பெருநகரங்களில் என்ன ஆகின்றனரோ அதுவே ஆறிழந்த தெய்வத்துக்கும் நேர்கிறது. முதலில் பெயர் போகிறது. பிறகு எதற்காக வந்தோம் என்ற நினைவு. அதன்பின், ஏவியதைச் செய்யும் கை மட்டும் எஞ்சுகிறது.

படத்தில் இன்னோர் ஆற்றுத்தெய்வமும் வருகிறது. சேறும் நாற்றமுமாய்க் குளியல் இல்லத்துக்குள் நுழையும் அதனை எல்லோரும் அருவருக்க, சிஹிரோ அதன் விலாவில் ஏதோ முள்போல் தைத்திருப்பதைக் கண்டு, கயிறு கட்டி இழுக்கிறாள். மிதிவண்டி ஒன்று வெளிவருகிறது. அதன் பின்னே மலைபோல் குப்பை. தாம் பங்குகொண்ட ஆற்றுத் துப்புரவுப் பணி ஒன்றில் உண்மையிலேயே மிதிவண்டி ஒன்றை இழுத்தெடுத்த அனுபவத்திலிருந்து இக்காட்சி பிறந்ததாக மியசாகி கூறியுள்ளார். நீராடி எழுந்த அத்தெய்வம் சிரித்துக்கொண்டே வானேறுகிறது. பிள்ளைகள் கைதட்டினர். நாமும்தான். ஆனால் இக்காட்சியை ஹாக்குவின் கதைக்கு அருகில் வைத்தாலன்றி அதன் முழுப்பொருள் புலப்படாது. அழுக்கடைந்த ஆற்றைக் கழுவலாம். தூர்க்கப்பட்ட ஆற்றை? சிஹிரோவிடம் அதற்கு மருந்தில்லை. அவளால் கொடுக்க முடிந்தது ஒன்றே, அவனுடைய பெயர். டிராகனின் கொம்புகளைப் பற்றி நள்ளிரவு வானில் செல்லும்போது, தாய் சொல்லக் கேட்ட பழைய செய்தி அவளுக்கு நினைவு வருகிறது. ஆற்றில் விழுந்த தன்னை நீரே கரைக்குக் கொண்டு சேர்த்தது. அந்த ஆற்றின் பெயர் கோஹக்கு. அதைச் சொன்னவுடன் டிராகனின் செதில்கள் ஒருசேர உதிர்ந்து பறக்க, இருவரும் கைகோத்து வானிலிருந்து விழுகின்றனர். கதையின் இத்திருப்பம் நியாயமானது. காப்பாற்றப்பட்டவள் நினைவில் வைத்திருந்ததால், காப்பாற்றியவன் மீள்கிறான். வாளேந்திய வீரன் எவனும் இதற்குத் தேவைப்படவில்லை.

நமக்கு ஒரு குறையும் உண்டு. அதனை மறைக்க விரும்பவில்லை. ஹாக்கு திருடினான். யுபாபாவின் மாணவனாக அவன் வலிய வந்தவன் என்பதையும், வேண்டாமெனத் தடுத்தும் கேளாதவன் என்பதையும் உலைக்கூடத்துக் கிழவர் காமாஜியே சொல்கிறார். ஆயினும், அவன் வயிற்றிலிருந்து வெளிவந்த கரும்புழு யுபாபா அவனை ஆட்டிவைக்க இட்டது என்று பின்னர் தெரியவரும்போது, அவனுடைய குற்றம் முழுவதும் அப்புழுவின்மேல் ஏற்றப்பட்டுவிடுகிறது. சிஹிரோ அதனைக் காலால் நசுக்கியதோடு செய்தி முடிகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் பல்லாண்டு அமர்ந்திருக்கும் எமக்கு இது எளிதில் ஒப்பவில்லை. பிறர் இட்ட புழுவும் உண்டு, நாமே வளர்த்த புழுவும் உண்டு. ஆட்பட்டவன் நோயாளி மட்டுமே என்று சொல்லிவிட்டால், அவனிடமிருந்து அவனுடைய உரிமைகளில் ஒன்றைப் பறித்துவிடுகின்றோம்: 'நான் செய்தேன்' என்று சொல்லும் உரிமை. பெயரைத் திருப்பிக் கொடுக்கும் படம் இதையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

இதற்கு மறுமொழியாகப் படம் ஒரு காட்சியை வைத்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஹாக்குவுக்காகச் சிஹிரோவே ஜெனிபாவின் குடிசை வரை சென்று, முத்திரையைத் திருப்பித் தந்து மன்னிப்புக் கேட்கிறாள். நீருக்குமேல் ஓடும், திரும்பி வராத தொடர்வண்டியில் அவள் செல்லும் அந்தப் பயணம் படத்திலேயே மிக அமைதியான பகுதி. அதைப் பற்றி மட்டும் தனிக் கட்டுரை எழுதலாம். பின்னர் டிராகன் உருவில் ஹாக்கு வாயிலில் வந்து நிற்க, ஜெனிபா அவன் செய்ததை மன்னித்து, இந்தப் பெண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்கிறாள். அவன் பேசுவதில்லை; தலை தாழ்த்துகிறான். ஒருவருக்காக இன்னொருவர் வருந்தி நடப்பதன் பொருளை நாம் அறியாதவரல்லர். அந்தத் தலை தாழ்த்தலைப் பாவ அறிக்கையாக ஏற்றுக்கொள்ளலாமா? இருமுறை பார்த்தபோது இல்லை என்றே தோன்றிற்று. மூன்றாம் முறை சற்று ஐயம் வந்துள்ளது.

அச்சிறுமிக்கு என்ன சொல்வது? மிக்கேலின் காலடியில் கிடப்பது, உலகு முழுவதையும் ஏமாற்றுவதாகத் திருவெளிப்பாடு காட்டும் பொய். அதனை மிதிக்கத்தான் வேண்டும். ஹாக்கு அப்படியன்று, அவன் படைக்கப்பட்டவற்றுள் ஒன்று, நல்லதெனக் காணப்பட்டவற்றுள் ஒன்று. இரண்டுக்கும் ஒரே உருவத்தை நம் முன்னோர் வழங்கியதால், ஒன்றை மிதிக்கும்போது மற்றதும் மிதிபட்டிருக்கிறது. இதனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கச் சொல்லும் சொற்கள் இன்னும் நமக்கு அமையவில்லை. அடுத்த மறைக்கல்வி வகுப்பில் முயல்வதாக இருக்கின்றோம்.

படத்தின் இறுதியில், தன் உலகுக்குத் திரும்பப்போவதாக ஹாக்கு சொல்கிறான். மீண்டும் சந்திப்போமா என்று சிஹிரோ கேட்க, நிச்சயம் என்கிறான். அவன் திரும்பிச் செல்ல ஆறு இல்லை என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் சொன்னபடி திரும்பிப் பாராமல் அவள் நடக்கிறாள். ஒன்றும் அறியாத தந்தையும் தாயும் மகிழுந்தின்மேல் படிந்த இலைகளைத் தட்டிவிட்டு ஏறுகின்றனர். குன்றின்மேல் வரிசையாக எழுந்துள்ள புதுக் குடியிருப்பில் ஒரு வீடு அவர்களுக்காகக் காத்திருக்கிறது. படத் தொடக்கத்தில் அவர்கள் வழிதவறித் திரும்பிய இடத்தில், மரத்தடியில் சிறு சிறு கல்வீடுகள் குவிந்து கிடந்தன. அவை என்ன என்று மகள் கேட்டபோது, தெய்வங்களின் வீடுகள் என்று தாய் சொல்லியிருந்தாள். வண்டி அப்போது நிற்கவில்லை.